துகளை வடிப்பதா, விடுவதா? பவளத் தொட்டிகளின் தீராத வழக்கு

கலிபோர்னியாவில் உள்ள மான்டரே விரிகுடா நீர்வாழ் காட்சியகம் 1984-இல் திறக்கப்பட்டது. அங்கே 28 அடி உயரத்துக்குக் கெல்ப் கடற்பாசிக் காடு ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் வளர்கிறது. பகலில் அந்தத் தொட்டிக்குப் போகும் கடல்நீர் வடிகட்டப்பட்ட பிறகே உள்ளே போகிறது. பார்க்க வந்தவர்களுக்கு மீன்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே காரணம். கதவடைத்த பிறகு, இரவில், வடிகட்டாத கடல்நீர் அப்படியே திறந்துவிடப்படுகிறது. அதில் மிதந்து வரும் நுண்ணுயிர்களும் கரிமத் துகள்களும்தான் பாறைகளில் ஒட்டி வாழும் நூற்றுக்கணக்கான வடித்துண்ணி உயிர்களுக்கு உணவு.

பகலில் கழிவாகக் கருதி நிறுத்தப்படும் அதே துகள், இரவில் தீனியாக வரவேற்கப்படுகிறது. மான்டரேயில் வளர்வது பவளமல்ல, குளிர்நீர்க் கடற்பாசி. ஆனாலும் வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சந்திக்கும் கேள்வி இதுதான். நீரில் மிதக்கும் துகள்களை வடிகட்டி எடுக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? வீட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் பசிபிக் பெருங்கடல் இல்லை. உள்ளே போடும் தீனியைத் தவிர வேறு வரவு கிடையாது. கையால் எடுப்பதைத் தவிர வேறு செலவும் அதிகமில்லை. ஆகவே இங்கே எடுக்கும் முடிவின் விளைவு, நன்மையானாலும் தீமையானாலும், தொட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இந்த விவாதம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. இரு பக்கமும் தேர்ந்த கைகள் இருந்திருக்கின்றன. இரு பக்கமும் பவளங்கள் செழித்தும் இருக்கின்றன. அதனால் யார் சொல்வது சரி என்பதைவிட, எந்த நிலையில் எது சரி என்று கேட்பதே பலன் தரும்.

வடிகட்டி எதைப் பிடிக்கிறது?

தொட்டி நீரைச் சுத்தம் செய்யும் வழிகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுவது உயிரியல் முறை. கரித்தூளும் பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடு மணிகளும் கரைந்த பொருள்களைப் பிடிப்பது வேதி முறை. கரையாமல் மிதக்கும் துகளைத் துணியிலோ பஞ்சிலோ மறித்து நிறுத்துவது மூன்றாவது. இதைத்தான் மெக்கானிக்கல் ஃபில்டர் என்கிறார்கள். இங்கே துகள் வடிகட்டி என்று அழைப்போம்.

கருவிகள் எளியவை. தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து வழியும் நீர் கீழே உள்ள சம்ப் தொட்டிக்குள் விழும் இடத்தில் தொங்கவிடும் ஃபெல்ட் துணிப் பை, அதாவது ஃபில்டர் சாக், இவற்றில் பரவலானது. 100 மைக்ரான், 200 மைக்ரான் என்ற துளை அளவுகளில் கிடைக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளைப் பஞ்சுத் தகடு, ஸ்பாஞ்ச் கட்டி ஆகியவை சிறிய தொட்டிகளுக்கு. அண்மைக்காலத்தில் ரோலர் ஃபில்டர் வந்துள்ளது. துணிச்சுருள் ஒன்று அடைபட்டதும் நீர்மட்டம் உயரும். அதை உணர்ந்து மோட்டார் சுழன்று, அழுக்கான பகுதியைச் சுருட்டிவிட்டுப் புதுத் துணியை நீருக்குக் கொடுக்கும்.

எதைப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். உண்ட புரதத்தில் உடலுக்குப் போக மிஞ்சும் நைட்ரஜனின் பெரும்பகுதியை மீன்கள் செவுள்கள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகின்றன. அது கரைந்த பொருள். எந்தத் துணியும் அதைத் தடுக்காது. துணியில் தங்குவது மலம், தின்னாமல் விட்ட தீனி, உதிர்ந்த பாசி, பவளம் கழற்றிவிட்ட சளி, பாறைத் துளைகளிலிருந்து கிளம்பும் கசடு ஆகியவைதான்.

ஜகார்த்தாவிலிருந்து பெர்லின்வரை

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 'டிராபிக்கல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' இதழில் தன் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றி எழுதினார். இயற்கைக் கடல்நீர், பவளத்திட்டிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைகள், காற்றுக் குமிழிகள், சூரிய ஒளி. வடிகட்டி என்று எதுவும் கிடையாது. மணலுக்கடியில் தட்டு வைத்து நீரை உறிஞ்சும் வடிகட்டிகளை நம்பியிருந்த அன்றைய பொழுதுபோக்காளர்கள் பலருக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. லைவ் ராக் என்று இன்று அழைக்கப்படும் அந்தப் பாறைகளின் துளைகளில் வாழும் பாக்டீரியாவும் புழுக்களும் சிற்றுயிர்களும்தான் அங்கே வேலை செய்தன என்பது பின்னால் தெளிவானது.

1970களிலும் 80களிலும் ஐரோப்பாவில் பீட்டர் வில்கன்ஸ், பெர்லினின் டீட்ரிஷ் ஸ்டூபர் போன்றோர் இன்னொரு பாதையை வகுத்தனர். உயிர்ப்பாறையும் வலுவான ஸ்கிம்மரும் போதும் என்பது அவர்கள் கொள்கை. ஸ்கிம்மர் என்பது நுண்குமிழிகளின் பரப்பில் கரிமப்பொருளை ஒட்டவைத்து நுரையாக வெளியே தள்ளும் குழாய். பஞ்சும் துணியும் நிரந்தரமாகத் தொட்டியில் இருக்கக் கூடாது. கசடு தேங்கினால் கையால் கிளப்பி உறிஞ்சி எடுக்கலாம் என்றார்கள். பெர்லின் முறை என்ற பெயர் இப்படி வந்தது. ஸ்டூபர் வளர்த்த அக்ரோபோரா பவளத்தின் துண்டுகள் கைமாறிக் கைமாறிப் பல நாட்டுத் தொட்டிகளுக்குப் போயின.

அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறு அலை அடித்தது. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட், அமெரிக்காவின் 'ஃபிரெஷ்வாட்டர் அண்ட் மரைன் அக்வேரியம்' இதழில் எழுதிய தொடர், சொட்டுநீர் வடிகட்டியைப் பிரபலமாக்கியது. முதலில் பஞ்சு, அதற்குக் கீழே நீரில் மூழ்காமல், சொட்டும் நீரில் நனைந்தபடி நிற்கும் பிளாஸ்டிக் பந்துகள், அவற்றின் மேல் பாக்டீரியா. அம்மோனியாவைக் கையாள்வதில் அது தேர்ந்த கருவி. ஆனால் பஞ்சைக் கழுவ மறந்தால் கசடு பந்துகளுக்கிடையே இறங்கித் தேங்கும். நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். 'நைட்ரேட் தொழிற்சாலை' என்று துகள் வடிகட்டிகளின் மேல் இன்றும் சொல்லப்படும் வசை, பெருமளவு அந்தக் காலத்தின் மிச்சம்.

இன்னொரு முனையில் நின்றவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி. 1980-இல் வாஷிங்டனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த பவளத்திட்டு மாதிரியில் துகள் வடிகட்டியும் இல்லை, ஸ்கிம்மரும் இல்லை. வலைத்திரையின் மேல் ஒளி பாய்ச்சிப் பாசியை வளர்த்து, அதைச் சுரண்டி எடுப்பதன் வழியாக ஊட்டச்சத்துகளை வெளியேற்றினார். மிதவை உயிர்களை வடிகட்டியும் சுழல்பம்பும் அழிக்கின்றன, மிதவை உயிர்கள் இல்லாத பவளத்திட்டு பவளத்திட்டே அல்ல என்பது அவர் வாதம். அவரும் அவருடைய சகாக்களும் ஏழாண்டு வயதான சிறிய மாதிரித் தொட்டி ஒன்றில் உயிரினங்களை எண்ணிப் பார்த்து 1998-இல் வெளியிட்டார்கள். ஐந்து சதுர மீட்டர் பரப்பில் 27 உயிர்த்தொகுதிகளைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தன. எதையும் வடிகட்டாத ஒரு தொட்டியில் எவ்வளவு உயிர் தங்க முடியும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. அதே சமயம், பாசிமுறைத் தொட்டிகளில் நீர் மஞ்சளிக்கிறது, ஒளி குறைகிறது என்ற குறையும் விடாமல் தொடர்ந்தது.

ஆக, துகள் வடிகட்டி இல்லாமல் பவளத் தொட்டியை நடத்த முடியும் என்பதை வரலாறு ஐயமின்றிக் காட்டிவிட்டது. ஆனால் அந்தத் தொட்டிகள் ஒவ்வொன்றிலும் வேறு ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்தது. பெர்லினில் ஸ்கிம்மரும் உறிஞ்சு குழாயும். வாஷிங்டனில் பாசியை வாரம்தோறும் சுரண்டும் கை. ஜகார்த்தாவில் குறைந்த மீன்களும் உயிர் நிறைந்த பாறையும். இதைக் கணக்கில் எடுக்காமல் 'வடிகட்டி தேவையில்லை' என்ற வரியை மட்டும் எடுத்துக்கொள்பவர்களின் தொட்டிகள்தான் ஒன்றிரண்டு ஆண்டுகளில் பச்சைப் பாசியில் மூழ்குகின்றன.

வேண்டும் என்பவர் தரப்பு

முதல் காரணம் ஒளி. பவளத்தின் திசுவுக்குள் வாழும் சூக்ஸாந்தெல்லே என்ற நுண்பாசிகள் ஒளியில்தான் உணவு சமைக்கின்றன. நீரில் தொங்கும் துகள் ஒளியைச் சிதறடிக்கிறது. விளக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு நீரை மங்கலாக வைத்திருப்பதில் பொருளில்லை.

இரண்டாவது, படிவு. பவளங்களின் மேல் துகள் வந்து படிந்தால் அவை சளி சுரந்து அதைத் தள்ள வேண்டும்; அதற்கு ஆற்றல் செலவாகும். ஓட்டம் எட்டாத மூலைகளில், தட்டையாக வளரும் பவளங்களின் குழிகளில், படிவின் கீழ்த் திசு இறந்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது காரணம் கணக்கில் தெரியும். ஒரு கிராம் உலர்ந்த மீன் தீனியை எடுத்துக்கொள்வோம். அதில் 45% புரதம் என்றால், புரதத்தில் சுமார் 16% நைட்ரஜன் என்ற வாய்ப்பாட்டின்படி 72 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 320 மில்லிகிராம். 300 லிட்டர் தொட்டியில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமைச் சற்றே தாண்டும். பாஸ்பரஸ் தீனியின் எடையில் சுமார் 1% என்று வைத்தால், 10 மில்லிகிராம் பாஸ்பரஸ் 30 மில்லிகிராம் பாஸ்பேட்டாகும்; அதே தொட்டியில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். இது ஒரே நாளின் வரவு. மீனின் உடல், பாசி, பாக்டீரியா, பாறை எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொள்வதால் நீரில் இவ்வளவும் தெரியாது. ஆனால் பவளம் வளர்ப்போர் பலர் பாஸ்பேட்டை 0.03 முதல் 0.1 மில்லிகிராமுக்குள் வைக்கப் பாடுபடுகிறார்கள் என்பதை நினைத்தால், வரவு எவ்வளவு பெரிது என்பது புரியும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. மீன்பண்ணை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இது: வெளியேறும் நைட்ரஜனில் பெரும்பகுதி கரைந்த நிலையிலும், பாஸ்பரஸில் கணிசமான பகுதி மலத்தோடு திடநிலையிலும் போகிறது. அப்படியானால் துகள் வடிகட்டி நைட்ரேட்டைவிடப் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்துவதில்தான் கூடுதலாக உதவ முடியும். பாஸ்பேட் மிகுந்தால் சுண்ணாம்புப் படிகம் உருவாவது தடைபடும் என்பதை 1964-லேயே கென்னத் சிம்கிஸ் எழுதினார். கல்பவளங்களை வளர்ப்பவருக்கு இது சிறிய செய்தியல்ல.

ஸ்கிம்மர் இருக்கும்போது வடிகட்டி எதற்கு என்று கேட்போரும் உண்டு. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் குழுவினர் 2009-ஐ ஒட்டி நடத்திய சோதனைகளில், ஸ்கிம்மர்கள் நீரிலுள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 35 விழுக்காட்டை மட்டுமே எடுத்தன. எஞ்சியது நுரையில் ஒட்டாத வகை. ஸ்கிம்மர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை இது தளர்த்துகிறது.

வேண்டாம் என்பவர் தரப்பு

இந்தத் தரப்பின் மிக வலுவான வாதம் ஓர் எளிய உண்மையின் மேல் நிற்கிறது. துகள் வடிகட்டி எதையும் தொட்டியிலிருந்து நீக்குவதில்லை. ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது, அவ்வளவே. பையில் மாட்டிய மலத்தின் வழியே நீர் இடைவிடாமல் ஓடுகிறது. காபி ஃபில்டரில் தங்கிய தூளின் மேல் ஊற்றும் வெந்நீர் அதன் சாரத்தை இறக்கிக்கொண்டு கீழே போவதைப் போல, தொட்டி நீரும் அந்தக் கசடின் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கரைத்துக்கொண்டு தொட்டிக்கே திரும்புகிறது. பாக்டீரியா அதைச் சிதைக்கும் வேகமோ அதிகம். ஆக்சிஜனும் ஏராளமாகக் கிடைக்கிறது. இரண்டு வாரம் கழற்றாமல் விட்ட பை, பையே இல்லாத நிலையைவிட மோசம். பாறையிடுக்கில் விழுந்திருந்தால் அந்தக் கசடைப் புழுவும் இறாலும் தின்றிருக்கும்; பையில் அதைத் தின்ன பாக்டீரியாவைத் தவிர யாருமில்லை.

இரண்டாவது வாதம் உணவு. கோப்பிபாட் எனப்படும் நுண்ணிய ஓட்டுடலிகளில் வளர்ந்தவை பெரும்பாலும் 200 மைக்ரானுக்கு மேல். அவற்றின் இளம் பருவம் 100 மைக்ரானைச் சுற்றி. ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குகள் 100 முதல் 300 மைக்ரான்வரை. புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சு 400-க்கும் மேல். அதாவது, பவளத்தின் பாலிப்புகள் கைநீட்டிப் பிடிக்கக்கூடிய உணவின் அளவும் பையின் துளை அளவும் ஏறத்தாழ ஒன்றே. நாளாக ஆகப் பையின் துளைகள் அடைபட்டு இன்னும் சிறிதாகின்றன. 200 மைக்ரான் பை மூன்றாம் நாளில் 200 மைக்ரான் பையாக இருப்பதில்லை.

இயற்கைப் பவளத்திட்டின் உள் கணக்கும் இந்தத் தரப்புக்குத் துணை நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹெரன் தீவில் நடந்த ஆய்வை 2004-இல் கிறிஸ்டியன் வைல்டும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அக்ரோபோரா பவளங்கள் சுரக்கும் சளியில் பாதிக்கு மேல் நீரில் கரைகிறது. எஞ்சியது மிதக்கும் துகள்களைப் பிடித்துக்கொண்டு காயலின் மணலில் இறங்கி, அங்கே நுண்ணுயிர்களால் மீண்டும் ஊட்டமாக மாறுகிறது என்று அது காட்டியது. 2013-இல் 'சயன்ஸ்' இதழில் யாஸ்பர் டி கூய் குழுவினர் கரீபியக் கடலின் குராசாவ் தீவிலிருந்து எழுதியது இன்னும் வியப்பானது. கடற்பஞ்சுகள் கரைந்த கரிமப்பொருளை உறிஞ்சி, தம் செல்களைத் துகளாக உதிர்க்கின்றன. அந்தத் துகளைத் தின்று மற்ற உயிர்கள் வாழ்கின்றன. சத்தற்ற வெப்பமண்டல நீரில் பவளத்திட்டு எப்படிச் செழிக்கிறது என்ற டார்வின் காலத்துப் புதிருக்கு இது ஒரு விடை. ஆகவே பவளத்திட்டில் துகள் என்பது குப்பை மட்டுமல்ல, உயிருக்கு உயிர் கைமாறும் சரக்கும்கூட. பையில் மாட்டிய சரக்கு அந்தச் சுற்றிலிருந்து வெளியேறிவிடுகிறது.

மூன்றாவதாக, அளவுக்கு மீறிய சுத்தம். 2013-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் வற்றினால் பவளத்தின் உள்பாசிகள் பாஸ்பேட் பட்டினிக்கு ஆளாகி, வெப்பத்திலும் ஒளியிலும் வெளிறும் அபாயம் கூடுகிறது. துகள் வடிகட்டி பாஸ்பரஸை விகிதத்துக்கு மீறி எடுக்க வாய்ப்பு உண்டு என்று மேலே பார்த்தோம். ஏற்கெனவே ஸ்கிம்மரும் பாஸ்பேட் மணிகளும் ஓடும், மீன் குறைந்த தொட்டியில் அதையும் சேர்த்தால், இந்தச் சமநிலை கெடக்கூடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொட்ட தொட்டிகளில் பழுப்பு நிற டைனோஃபிளாஜெல்லேட் படலம் பரவி வதைப்பதையும் வளர்ப்பாளர்கள் பலர் கண்டிருக்கிறார்கள்.

அளவுக்கு மீறிய சுத்தத்துக்கு எதிரே வைக்கத் தக்க சான்று ஹவாயிலிருந்து வருகிறது. ஹொனலூலுவின் வைகிகி காட்சியகம் கிணற்றுக் கடல்நீரில் பவளம் வளர்த்தது. அந்த நீரின் நைட்ரேட் லிட்டருக்கு 5 மைக்ரோமோல், பாஸ்பேட் 0.6 மைக்ரோமோல். இயற்கைத் திட்டுகளோடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு. ஆனாலும் 57 இனக் கல்பவளங்கள் அங்கே வளர்ந்தன என்று மார்லின் அட்கின்சன், புரூஸ் கார்ல்சன் முதலியோர் 1995-இல் எழுதினர். இந்தச் செய்தியைச் சிலர் 'ஊட்டம் மிகுந்தால் கெடுதலில்லை' என்று படித்துவிடுகிறார்கள். 5 மைக்ரோமோல் நைட்ரேட் என்பது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் மட்டுமே, 0.6 மைக்ரோமோல் பாஸ்பேட் 0.06 மில்லிகிராமுக்கும் குறைவு. வீட்டுத் தொட்டிகள் பலவற்றில் நைட்ரேட் இதைப் போல் முப்பது, நாற்பது மடங்கு இருக்கும். வைகிகி சொல்லும் பாடம், துளி ஊட்டம் பவளத்துக்கு நஞ்சல்ல என்பதுதான். கசடைத் தேங்கவிடலாம் என்பதல்ல.

இரு தரப்பும் தவறவிடுவது

உணவு வாதத்தை அப்படியே ஏற்கும் முன் ஒன்றைக் கேட்க வேண்டும். அந்தத் தொட்டியில் மிதவை உயிர் உண்மையில் எவ்வளவு இருக்கிறது? திறந்த கடலிலிருந்து அலையலையாக வந்து இறங்கும் உயிர்த்திரளும், முந்நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டியின் பாறையிடுக்குகளில் பெருகுவதும் ஒரே அளவில் வைத்துப் பேசத் தக்கவை அல்ல. தொட்டியின் கோப்பிபாட்களில் பெரும்பாலானவை பாறையையும் மணலையும் கண்ணாடியையும் பற்றி ஊர்பவை. நீரோட்டத்தில் நாளெல்லாம் மிதப்பவை அல்ல. மேல்மட்டத்தில் வழிந்து சம்புக்குப் போகும் நீர் அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே இழுத்துப்போகும். ஆகவே 'வடிகட்டி எல்லா உணவையும் அழித்துவிடுகிறது' என்பது மிகை.

சுத்த வாதமும் அப்படித்தான். வழிந்தோடும் நீரில் ஏறும் துகளை மட்டும்தான் வடிகட்டி பிடிக்கும். மீன் மலத்தின் பெரும்பகுதி கனமானது; ஓட்டம் போதாவிட்டால் பாறைக்குப் பின்னால் விழுந்து கிடக்கும். அங்கே கிடக்கும் கசடுக்கு ஆயிரம் ரூபாய்ப் பையும் ஒன்றும் செய்யாது. முதலில் வேண்டியது நல்ல நீரோட்டம். அதன் பிறகுதான் வடிகட்டிக்கு வேலை. பவர்ஹெட் பம்புகளைத் திருப்பி வைத்தும், வாரம் ஒருமுறை பாறைகளின் மேல் நீரைப் பீச்சியும் கசடைக் கிளப்பி, அந்தச் சில மணி நேரம் மட்டும் பையை மாட்டி, பிறகு கழற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெர்லின் முறைக்காரர்கள் கையால் செய்ததன் நீட்சி அது. பெரும்பாலான தொட்டிகளுக்கு நடைமுறையில் பொருந்தும் நடுவழி இதுவே.

நேரத்தை வைத்து ஆடும் இன்னொரு வழியும் உண்டு. பவளங்களுக்கு ரோட்டிஃபரோ நுண்தீனியோ ஊட்டும்போது சம்பின் பம்பை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, தொட்டிக்குள் ஓட்டத்தை மட்டும் வைத்திருக்கலாம். தின்றது போக மிஞ்சியதைப் பிறகு வடிகட்டி எடுத்துக்கொள்ளும். வடிகட்டி இருப்பவர் கூடுதலாக ஊட்ட முடிகிறது என்பது இதிலுள்ள பெரிய ஆதாயம். மிச்சம் வெளியே போகும் என்ற நம்பிக்கை இருந்தால் மீனையும் பவளத்தையும் பட்டினி போட்டு நைட்ரேட்டைக் குறைக்க வேண்டியதில்லை. மீன் மெலிந்து போவதைக் கண்டும் அளவுக் கருவியில் எண் குறைந்ததற்காக மகிழ்வது வளர்ப்பு ஆகாது.

தொட்டியில் வசிப்பது யார்?

விடை பெருமளவு குடியிருப்பவர்களைப் பொறுத்தது. அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற சிறு பாலிப் கல்பவளங்களும் நிறைய மீன்களும் உள்ள தொட்டியில் துகள் வடிகட்டிக்கு நியாயம் அதிகம். தீனி வரவு பெரிது. ஒளி தெளிவாக வேண்டும். பாஸ்பேட் ஏறுவது உடனே வளர்ச்சியில் தெரியும். பெரிய பாலிப் பவளங்களும் மென்பவளங்களும் கலந்த, மீன் குறைந்த தொட்டிக்கு அந்த அவசரம் இல்லை. வாரக் கிளறலும் அன்றைக்கு மட்டும் ஒரு பையும் போதும்.

ஒளியை நம்பாமல் உணவை மட்டுமே நம்பும் டியூபாஸ்ட்ரேயா என்ற சூரியப் பவளம், விசிறிப் பவளங்கள், விசிறிப் புழுக்கள், கடற்பஞ்சுகள் ஆகியவை நிறைந்த தொட்டியின் நிலை வேறு. அங்கே துகளே வாழ்வாதாரம். ஆனால் அதே தொட்டியில்தான் தீனி வரவு எல்லாவற்றிலும் அதிகம். ஊட்டி முடித்ததும் வலுவான வெளியேற்றம் இல்லாவிட்டால் சில மாதங்களில் நீர் கெடும். நாள் முழுவதும் வடிகட்டுவதும் தவறு, ஒருபோதும் வடிகட்டாமல் இருப்பதும் தவறு. கோப்பிபாட்களையே தேடித் தின்னும் மாண்டரின் மீன் இருந்தால் பை மாட்டும் நேரத்தைக் குறைப்பதோடு, கோப்பிபாட் பெருகப் பாசி வளரும் தனி அறையை சம்பில் ஒதுக்கிவிடுவது நல்லது.

தமிழ்நாட்டு வாசகர் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் திட்டு கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். இங்கே சட்டத்துக்கு உட்பட்டு நடப்பவை பெரும்பாலும் மீன் மட்டும் வாழும் கடல்நீர்த் தொட்டிகள். கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம் உருவாக்கித் தந்திருக்கிறது. அத்தகைய தொட்டிக்கு இந்த விவாதத்தில் பாதி பொருந்தாது. பட்டினி கிடக்கப் பவளம் இல்லை. மீனும் மலமும் அதிகம். துகள் வடிகட்டி தயக்கமின்றி வேண்டும்.

முடிவெடுக்கும் முறை

எல்லாவற்றையும் எடைபோட்டால் தேர்வை நிர்ணயிப்பது கருவியின் விலையோ துளை அளவோ அல்ல, அதைக் கழற்றும் கையின் ஒழுங்கு. மூன்று நாளுக்கு ஒருமுறை பையைக் கழற்றி, உள்புறம் வெளிவரத் திருப்பிப் பீச்சிக் கழுவி, வெளுப்பானில் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயப்போட்டு, மாற்றுப் பையை மாட்ட முடியும் என்றால், துகள் வடிகட்டி மீன் நிறைந்த பவளத் தொட்டிக்கு நன்மையே செய்யும். அது முடியாது என்றால் நிரந்தரப் பை வேண்டாம். பயணம் அதிகமுள்ளவருக்கும் வேலைப்பளு மிகுந்தவருக்கும் ரோலர் ஃபில்டர் ஒரு நல்ல விடை. கசடு நீரில் ஊறும் நேரத்தை அது நாள்களிலிருந்து மணிகளாகக் குறைக்கிறது. ஆனால் துணிச்சுருள் தொடர்ந்து வாங்க வேண்டும், பயன்படுத்திய செயற்கை இழை குப்பைக்குப் போகிறது. இந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பது என்று முடிவானால் படிப்படியாகச் சேர்ப்பதே நலம். முதல் நான்கு வாரம் எதையும் மாற்றாமல் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே சோதனைப் பெட்டியால் அளந்து எழுதிவைக்க வேண்டும். தீனியின் எடையும் அதில் இருக்க வேண்டும். பிறகு 200 மைக்ரான் பையை மாட்டி, தீனியை மாற்றாமல், அடுத்த எட்டு வாரம் அதே அளவீடு. அந்த நாள்களில் பாஸ்பேட் மணியையோ ஸ்கிம்மரின் அமைப்பையோ தொடக் கூடாது. இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்பு ஒளியில் கண்ணாடியையும் பாறையையும் பார்த்துக் கோப்பிபாட்கள் குறைகின்றனவா என்று கவனிக்கலாம். சம்புக்குள் நீர் வழியும் இடத்தில், பை அடைபட்டால் நீர் தரையில் கொட்டாமல் பக்கவாட்டில் சம்புக்கே இறங்கும்படி வழி இருக்கிறதா என்பதை முதல் நாளே சோதித்துவிட வேண்டும்.

எட்டு வாரத்தின் முடிவில் பாஸ்பேட் இறங்கி 0.03-க்கு மேல் நிலைத்து, நைட்ரேட் சில மில்லிகிராம் அளவில் நின்று, பவளத்தின் நுனிகள் புது வளர்ச்சியின் வெளிர்நிறத்தைக் காட்டினால், பை இருக்கட்டும். எண்கள் அசையவே இல்லை என்றால் கசடு நீரில் ஏறாமல் பாறைக்குப் பின்னால் கிடக்கிறது என்று பொருள். ஓட்டத்தைத் திருத்திவிட்டு இன்னொரு மாதம் பார்க்கலாம். பாஸ்பேட் அளவுக்கருவியில் தெரியாத அளவுக்கு விழுந்து, பவளங்களின் நிறம் வெளுக்கத் தொடங்கினால், முதலில் பையைக் கழற்ற வேண்டும், அடுத்து தீனியைக் கூட்ட வேண்டும்.